எலும்பு சம்மதிக்க வேண்டும்

பல்லைப் பற்றிப் பேச்சு என்றதும், எப்படித் துலக்குவது, எதைத் தின்னக்கூடாது என்று சொல்லப்போகிறார்கள் என நினைத்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது அதுவல்ல. விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பிலேயே திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இம்ப்ளாண்ட் என்று எல்லாரும் சொல்கிறோம். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கிள்ளான் வரை அதற்கான விளம்பரங்களைப் பார்க்கிறோம். அவற்றை நம்பி, சேமித்த பணத்தோடு கிளினிக்குக்குப் போகும் சிலரிடம் மருத்துவர், “உங்களுக்கு இது சரிப்படாது” என்று சொல்லிவிடுகிறார். ஏன் சொல்கிறார்? யாருக்குச் சொல்கிறார்? சொன்னால் நாம் என்ன செய்யவேண்டும்? இந்த மூன்று கேள்விகள்தாம் இன்றைய பேச்சு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த மறுப்புகளில் பெரும்பாலானவை “இப்போது வேண்டாம்” என்ற மறுப்புகள். எந்த நாளும் கூடாது என்பவை குறைவு. இந்த வேறுபாட்டை நாம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எழுந்து வந்துவிடுவதுதான் பெரிய இழப்பு.

முதலில், இம்ப்ளாண்ட் எப்படி நிற்கிறது? பசையால் நிற்கிறதா? இல்லை. டைட்டானியத்தால் ஆன ஒரு சிறிய திருகு அது. ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் தடிமன். எலும்பில் துளையிட்டு அதைத் திருகி இறக்குகிறார்கள். இறக்கிய அன்று அது இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இறுக்கம் மண்ணில் புதிதாக நட்ட கம்பத்தின் இறுக்கம். துளையிட்டபோது அடிபட்ட எலும்பை உடல் முதலில் அரித்து அப்புறப்படுத்துகிறது. பிறகுதான் அந்த இடத்தில் புது எலும்பைக் கட்டுகிறது. பழையது போய்ப் புதியது இன்னும் வராத ஓர் இடைவெளி உண்டு. மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் அந்தத் திருகு மிகவும் பலவீனமாக இருக்கும். அந்த வாரங்களைக் கடந்தால் எலும்பு வளர்ந்து டைட்டானியத்தின் மேல் நேரடியாக ஒட்டிக்கொள்ளும். கடக்காவிட்டால் சுற்றிலும் சவ்வு போல ஒரு திசு வளரும், திருகு ஆடும், கடைசியில் கையோடு வந்துவிடும். ஆகவே மருத்துவரின் கைத்திறன் பாதி வேலைதான். மீதிப் பாதியை நோயாளியின் உடல் செய்யவேண்டும். அரிக்கும் அணுக்களும், கட்டும் அணுக்களும், அவற்றுக்கு உணவு கொண்டுவரும் ரத்த ஓட்டமும் ஒழுங்காக இருந்தால்தான் அந்தப் பாதி நடக்கும். யாருக்கு இம்ப்ளாண்ட் ஒத்துவராது என்ற கேள்விக்கான விடைகள் எல்லாம் இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

இந்த உண்மையைக் கண்டவர் சுவீடன் நாட்டின் பெர்-இங்வார் பிரோனமார்க். 1952-இல் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைக் கவனிப்பதற்காக டைட்டானியத்தால் ஆன ஒரு கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை; எலும்பு அதைப் பற்றிக்கொண்டுவிட்டது. 1965-இல் கோத்தன்பர்க் நகரில் கோஸ்தா லார்சன் என்ற நோயாளியின் கீழ்த்தாடையில் முதன்முதலாக நான்கு இம்ப்ளாண்டுகளைப் பொருத்தினார். இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: “லார்சனே எளிய நோயாளி அல்லவே? பிளந்த அண்ணத்தோடு பிறந்தவர், தாடை அமைப்பே சரியில்லாதவர். அவருக்கே செய்ய முடிந்தது என்றால் எங்களுக்கு ஏன் முடியாது?” நல்ல கேள்வி. லார்சனின் தாடை வடிவில் குறை இருந்தது; ஆனால் ஆறும் திறன் அந்த எலும்புக்கு இருந்தது. அதோடு, திருகுகளை ஈறுக்கு அடியில் புதைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, எலும்பு பிடித்த பிறகே மேலே பல் வைப்பது பிரோனமார்க்கின் முறை. லார்சன் 2006-இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை அவருக்குப் பயன்பட்டன. ஆறக்கூடிய எலும்பும், காத்திருக்கும் பொறுமையும்: முதல் வெற்றிக்கு இவை இரண்டும் தேவைப்பட்டன. இன்றைக்கும் இவை இல்லாமல் நடப்பதில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கென்சிங் மானிஸ், இனிப்பு நீர், சர்க்கரை என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் அது நம்மோடு நெருங்கிக் குடியிருக்கும் நோய். 2019-ஆம் ஆண்டு மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய உடல்நல ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது நூற்றுக்கு 31. எல்லா இனத்தாரிலும் நாம்தான் மேலே. மூன்று பேர் கூடி நின்றால் ஏறக்குறைய ஒருவர்! இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது: நாடு முழுவதும் நோய் இருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. இதற்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு? ரத்தத்தில் சர்க்கரை ஓயாமல் ஏறி நிற்கும்போது மெல்லிய ரத்தக் குழாய்கள் கெடுகின்றன. கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. எலும்பைக் கட்டும் அணுக்கள் வேலையைத் தாமதப்படுத்துகின்றன. மூன்றாவது, நான்காவது வாரத்தைப் பற்றிச் சொன்னேனே, அந்தப் பலவீனமான காலம் சர்க்கரை கட்டுப்படாதவருக்கு நீண்டுகொண்டே போகிறது. திருகு பிடிக்குமுன் கிருமி முந்திக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் எச்.பி.ஏ.1.சி. என்ற ரத்தப் பரிசோதனையை மருத்துவர் கேட்கிறார். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு தெரிந்துவிடும். முதல்நாள் மட்டும் பட்டினி கிடந்து இந்தப் பரிசோதனையை ஏமாற்ற முடியாது. அந்த எண் 7-ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் தடையில்லை. 8-ஐத் தாண்டினால் “கொஞ்ச நாள் தள்ளிப்போடுவோம்” என்பார்கள். 10, 11 என்று நின்றால் பொறுப்புள்ள எந்த மருத்துவரும் துளைபோடும் கருவியை எடுக்கமாட்டார்.

“என் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் சர்க்கரைதான், அவருக்குப் போட்டார்கள், நன்றாகத்தானே இருக்கிறார்?” என்று கேட்பீர்கள். இருப்பார். நீரிழிவு என்ற பெயரே இம்ப்ளாண்டுக்குத் தடை என்று நான் சொல்லவில்லை. கட்டுப்பாட்டில் உள்ள நீரிழிவாளருக்கு வரும் பலன் மற்றவருக்கு வரும் பலனை நெருங்கியே இருக்கிறது என்பதுதான் ஆய்வுகள் காட்டும் பொதுப்போக்கு. அந்த அண்ணனின் எண் என்ன, உங்கள் எண் என்ன என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. இன்னொருவர் புள்ளிவிவரத்தோடு வருவார்: “பத்தாண்டு கழித்தும் நூற்றுக்கு 95 இம்ப்ளாண்டுகள் வாயில் நிற்கின்றனவாமே? பிறகு எதற்கு இவ்வளவு பயம்?” அந்தக் கணக்கு உண்மைதான். ஆனால் அந்த 95 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும், நோயாளிகளைச் சோதித்து, சர்க்கரை ஏறியவரையும், நிறையப் புகைப்பவரையும், கதிர்வீச்சு பெற்றவரையும், ஈறு சீழ் பிடித்தவரையும் விலக்கிவிட்டு, தகுந்தவருக்கு மட்டும் செய்த சிகிச்சைகளிலிருந்து வந்தது. விலக்கியதால் கிடைத்த வெற்றியைக் காட்டி விலக்கக்கூடாது என்று வாதாட முடியுமா? இந்த ஒரு கேள்வியை நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த விளம்பரத்தின் எண்ணும் உங்களை மயக்காது.

அடுத்து ஈறு. பல் ஏன் போனது என்று கேட்காமல் புதுப் பல் வைப்பதில் பொருளே இல்லை. 2010-இல் எடுத்த தேசியப் பெரியோர் வாய்நல ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 94 பேருக்கு ஏதோ ஓர் அளவில் ஈறு நோய் இருந்தது. அது முற்றும்போது பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்து, சொத்தை இல்லாத நல்ல பல்கூட ஆடி விழும். அப்படிப் பல் போன வாயில் அதே கிருமிகள் இருக்கும்போதே திருகை இறக்கினால், அவை அந்தத் திருகைச் சுற்றியும் எலும்பைக் கரைக்கும். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நார் போன்ற ஒரு பிணைப்பு உண்டு. ரத்த ஓட்டமும் காவலும் அதன் வழியாகக் கிடைக்கும். இம்ப்ளாண்டுக்கு அது கிடையாது. ஆகவே கரைவது தொடங்கினால் வேகமாகப் போகும், வலியும் அவ்வளவாகத் தெரியாது. ஈறு நோயும் நீரிழிவும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும்: சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. புகையைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை; புகைப்பவரிடம் இம்ப்ளாண்ட் தோற்பது புகைக்காதவரைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. நிக்கோட்டின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. காயத்துக்குப் போகவேண்டிய ரத்தம் போவதில்லை. வேப் என்றால் பரவாயில்லையா என்று இளைஞர்கள் கேட்கலாம். நிக்கோட்டின் உள்ள வேப்பும் அதே வேலையைத்தான் செய்யும்.

இனி நான் சொல்லப்போவது தாய்மார்களுக்கு முக்கியம். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் மருந்துகள் சில இருக்கின்றன. வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி, ஆண்டுக்கு ஒருமுறை ரத்த நாளத்தில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம். இவை என்ன செய்கின்றன? எலும்பை அரிக்கும் அணுக்களைக் கட்டிப்போடுகின்றன. முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் அது பெரிய நன்மை. ஆனால் தாடையில் துளையிட்டால், அடிபட்ட எலும்பை அப்புறப்படுத்த அதே அணுக்கள்தானே வரவேண்டும்? அவை வராதபோது எலும்பு ஆறாமல், ஈறு மூடாமல், வாய்க்குள் வெளிறிப்போய்த் தெரிந்துகொண்டே கிடக்கும் நிலை சிலருக்கு வருகிறது. 2003-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் இதைப் பற்றி எழுதி உலகை எச்சரித்தார். எட்டு வாரத்துக்கு மேலும் எலும்பு மூடாமலிருந்தால் இந்த நோயாக இருக்கலாம் என்று பார்க்கிறார்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். தேய்மானத்துக்காக இந்த மருந்து எடுப்பவரில் இந்த நோய் வருவோர் மிகமிகக் குறைவு, பத்தாயிரத்தில் சிலர். அவர்களுக்கு இம்ப்ளாண்ட் கூடவே கூடாது என்பதில்லை, அபாயத்தைச் சொல்லி, கலந்து பேசி முடிவெடுக்கலாம். ஆனால் புற்றுநோய் எலும்பில் பரவியதற்காக இதே வகை மருந்தைப் பெரிய அளவில், அடிக்கடி, ரத்த நாளம் வழியாகவோ ஊசியாகவோ பெறுபவருக்கு அபாயம் பலமடங்கு. அவருக்கு இம்ப்ளாண்ட் வேண்டாம் என்பதில் அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இதில் ஒரு சிக்கலைக் கிட்டே போய்ப் பாருங்கள். கிளினிக்கில் ஒரு தாளைக் கொடுத்து, “தினமும் சாப்பிடும் மருந்து ஏதும் உண்டா?” என்று கேட்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளும் அம்மா என்ன எழுதுவார்? “இல்லை” என்றுதான் எழுதுவார். மாத்திரை இல்லையே! போன ஆண்டு மருத்துவமனையில் ஏற்றிய மருந்து அவருக்கு மருந்துக் கணக்கிலேயே வராது. எப்போதோ நிறுத்திய அலெண்ட்ரோனேட்டோ பல ஆண்டுகள் எலும்பிலேயே தங்கியிருக்கும். ஆகவே விழுங்கியது, போட்டது, ஏற்றியது, நிறுத்தியது எல்லாவற்றையும் சொல்லவேண்டும். இன்னோர் எச்சரிக்கை: பல் வைக்கவேண்டும் என்பதற்காக நீங்களாகவே அந்த ஊசியை நிறுத்திவிடாதீர்கள். டெனோசுமாபைத் திடீரென்று நிறுத்தினால் எலும்பு முன்னைவிட வேகமாகத் தேய்ந்து முதுகெலும்பு நொறுங்கிய நிகழ்வுகள் உண்டு. பல் மருத்துவரும் எலும்பு மருத்துவரும் பேசி முடிவெடுக்கவேண்டிய விஷயம் அது.

தோட்டப்புற வாழ்க்கையோடு வந்த வெற்றிலை பாக்குப் பழக்கத்தையும் நான் பேசாமல் விடமுடியாது. மலேசியாவில் அந்தப் பழக்கம் வரவழைக்கும் வாய்ப்புற்று இந்தியர்களிடம், அதிலும் நம் பெண்களிடம், மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பது நீண்டகாலமாகப் பதிவாகிவரும் உண்மை. அந்த நோய்க்குத் தாடையில் கதிர்வீச்சு கொடுத்தால் புற்று அடங்கலாம். ஆனால் அந்தப் பகுதி எலும்பின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிரந்தரமாகக் குறைந்துபோகும். பல ஆண்டு கழித்துக்கூட அங்கே ஒரு பல்லைப் பிடுங்கினாலே ஆறாமல் எலும்பு செத்துப்போகலாம். அப்படியிருக்க, புதுத் துளை போடுவது எவ்வளவு எண்ணிச் செய்யவேண்டிய காரியம்! சிறப்பு மருத்துவமனைகளில் தேர்ந்தெடுத்த சிலருக்குச் செய்கிறார்கள். தெருமுனைக் கிளினிக்கில் செய்யும் வேலை அல்ல அது.

நோயே இல்லாதவருக்கும் இல்லை என்று சொல்வதுண்டு. பதினைந்து வயதுப் பையன் பந்து விளையாட்டில் முன்பல்லை இழந்துவிட்டான் என்று வையுங்கள். உடம்பு இரும்பு மாதிரி; ஆனாலும் கூடாது என்பார்கள். ஏன்? தாடை இன்னும் வளர்கிறது. அக்கம்பக்கத்துப் பற்கள் வளர்ச்சியோடு இறங்கிவரும். எலும்போடு ஒட்டிய திருகு இருந்த இடத்திலேயே நிற்கும். சில ஆண்டில் அந்த ஒரு பல் மட்டும் மேலே ஏறிக்கொண்டதுபோல் குட்டையாகத் தெரியும். வளர்ச்சி நிற்கும்வரை பின்பக்கம் பிசினால் ஒட்டும் மேரிலாண்ட் பிரிட்ஜோ, கழற்றி மாட்டும் பல்லோ போதும். வேறு சிலருக்கு எலும்பே போதாது. பல்லைப் பிடுங்கிய ஓராண்டுக்குள் அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. கீழே உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. மேலே கடைவாய்ப் பக்கம் காற்றறை இருக்கிறது. முப்பரிமாண எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் அங்கே துளையிடுவது குருட்டு வேலை. எலும்பை வைத்து வளர்க்கும் சிகிச்சை உண்டு. செலவும் காலமும் கூடும். மாரடைப்பு, பக்கவாதம் வந்து சில மாதமே ஆனவர், இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர், கை நடுங்கி வாயைச் சுத்தம் செய்ய முடியாதவர் ஆகியோரையும் மருத்துவர் தயங்கித்தான் பார்ப்பார். ஆனால் ஒன்று: வயது மட்டும் தடையல்ல. எழுபத்தைந்து வயதில் உடல்நலம் நன்றாக இருப்பவருக்குத் தாராளமாக வைக்கலாம்.

“இவர் மாட்டேன் என்றால் இன்னொருவர் செய்வார். இல்லையென்றால் சென்னைக்குப் போய் ஒரே பயணத்தில் முடித்துவிட்டு வருவேன்” என்பார் ஒருவர். சென்னையில் திறமையான மருத்துவர்கள் இருக்கிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் விமானம் ஏறினால் எச்.பி.ஏ.1.சி. குறைந்துவிடுமா? உடலை மாற்றாமல் மருத்துவரை மட்டும் மாற்றினால் என்ன கிடைக்கும்? மூன்றாவது வாரத்தில் ஆடத் தொடங்கினால் இங்கே யார் பார்ப்பது? இதைவிட ஆபத்து, விலை மலிவு என்று வீட்டுக்கே வந்து பல் கட்டுபவர்களிடம் போவது. பல் மருத்துவம் செய்பவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்து, தொழில்சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும் என்பது சட்டம். 2018-ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. இம்ப்ளாண்டுக்கு நாம் கொடுப்பது பல ஆயிரம் ரிங்கிட். மறுப்பவர் அந்தப் பணத்தை வேண்டாமென்று விடுகிறார். அவர் பேச்சை நம்புவதற்கு அதுவே ஒரு காரணம் ஆகாதா?

கடைசியாக ஒரு மறுப்பு, இதுதான் கனமானது. “பல்லில்லாமல் எத்தனை நாள் இருப்பது? கல்யாண வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவேண்டுமா? மென்று தின்ன முடியாமல் கஞ்சியே குடிக்கவேண்டுமா?” இந்த வேதனை உண்மை. சரிப்படாது என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடும் மருத்துவர் தன் கடமையில் பாதியைத்தான் செய்தார். என்ன குறை, அது மாறக்கூடியதா, எத்தனை மாதத்தில் மீண்டும் வரலாம், அதுவரை என்ன பல் வைக்கலாம் என்று அவர் சொல்லவேண்டும். அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நன்றாக அளவெடுத்துச் செய்த பல்செட்டை ஏளனமாகப் பார்க்கும் பழக்கத்தை நாம் விடவேண்டும். அக்கம்பக்கத்துப் பற்கள் உறுதியாக இருந்தால் பிரிட்ஜ் கட்டலாம். கீழ்ப்பல் முழுவதும் போனவருக்கு வாய் நிறைய இம்ப்ளாண்ட் தேவையில்லை. எலும்பு இடம் கொடுத்தால் இரண்டே இம்ப்ளாண்டில் பல்செட்டைப் பூட்டி நிறுத்தலாம் என்று 2002-இலேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்துவிட்டார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். இம்ப்ளாண்ட் விலையை விசாரிக்கப் போகுமுன் அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். சர்க்கரை இருப்பது தெரிந்தவரானாலும் தெரியாதவரானாலும் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். பல் மருத்துவரிடம் போகும்போது நீரிழிவுப் பதிவுப் புத்தகத்தையும், வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஊசிகளின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கோ பாட்டிக்கோ அது முடியாது என்றால் பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். மருத்துவர் வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டு எழுந்து வராதீர்கள். “ஏன் வேண்டாம், எப்போது வரலாம்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையை எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு வெளியே வாருங்கள்.